வீட்டுக் குழு: பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்கு மறுநாள்

நவம்பர் 2, 2025, ஞாயிறு

அக்கா: யாராவது தூங்கினீர்களா? மகன் எழும்பியதும் மறுபடி அழுகிறான். “நாங்கள்தானே கூட ரன் எடுத்தோம், பிறகு ஏன் தோற்றோம்” என்று கேட்கிறான். என்ன சொல்ல?

நான்: அவன் சொல்வது சரி அக்கா. ஏழு ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன். எங்கள் டொரொண்டோ புளூ ஜேஸ் 34, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் 26. எட்டு ரன் கூட. ஆனால் நாலு ஆட்டம் வென்றது அவர்கள்.

அக்கா: ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டே அவுட் எடுத்திருந்தால் கோப்பை எங்களுக்கு. டொட்ஜர்ஸின் ரோஹஸ் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) அடித்துச் சமன் ஆக்கிய பிறகு இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சின்ன மாமா: பிள்ளைகள், 93இல் ஜோ கார்ட்டர் ஹோம் ரன் அடித்து எங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்ததை ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் எட்டுப் பேராக இருந்து பார்த்தவன் நான். நேற்றையது அதைவிடப் பெரிய ஆட்டம். தோற்றாலும் அப்படித்தான் சொல்வேன்.

சின்ன மாமா: அவனிடம் இப்படிச் சொல்லு. முதல் ஆட்டத்தில் 11-4 என்று வென்றோம். அதில் மிஞ்சிய ரன்னை அடுத்த நாளுக்கு எடுத்து வைக்க ஏலாது. சீசனில் 162 ஆட்டம் ஆடும்போது அப்படி அடிக்கிற அணி தானாக மேலே வரும். ஏழு ஆட்டத்தில் அதற்கு நாள் போதாது.

சியாட்டில் அண்ணா: அது எங்களுக்குத் தெரிந்த வலி மாமா. 2001 சீசனில் எங்கள் மரினர்ஸ் 116 ஆட்டம் வென்றது. பிறகு ஒக்டோபர் தொடரில் யாங்கீஸிடம் ஐந்தே ஆட்டத்தில் முடிந்தது. இந்த வருடம் எங்கள் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். உலகத் தொடருக்கு முந்தின தொடரில் உங்களோடு ஆடிய ஏழாவது ஆட்டத்தில் உங்கள் ஸ்பிரிங்கரின் ஒரே அடி, எல்லாம் போச்சு. உலகத் தொடரை இன்னும் எட்டிப் பார்க்காத ஒரே அணி நாங்கள்தான்.

நான்: அப்போ சீசன் முடிந்து ஒக்டோபரில் வரும் கோப்பைத் தொடர்களில் எந்த மாதிரி அணிதான் வெல்லும்? 2022 சீசனில் 111 ஆட்டம் வென்ற டொட்ஜர்ஸ், 89 வென்ற பாட்ரேஸிடம் தோற்றது. 2023இல் 100க்கு மேலோ சரியாக 100ஓ வென்ற மூன்று அணியும் தாங்கள் ஆடிய முதல் தொடரிலேயே வெளியே. கடைசியில் நின்றவை 90 வென்ற டெக்சாஸும் 84 வென்ற அரிசோனாவும். எல்லாம் அதிர்ஷ்டமா?

சியாட்டில் அண்ணா: அதிர்ஷ்டம் நிறைய உண்டு. ஆனால் 98இல் 114 வென்ற யாங்கீஸும் 2018இல் 108 வென்ற ரெட் சாக்ஸும் கோப்பையையும் எடுத்தார்கள்.

சின்ன மாமா: நான் கண்டது ஒன்று. பிட்சர், பந்து வீசுகிறவர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன மாமா: சீசனில் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். அதனால் முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்க ஐந்து தொடக்கப் பிட்சர் வேண்டும். நாலாவது, ஐந்தாவது ஆளும் நல்லவராக இருக்கிற அணிதான் ஆறு மாதம் தாக்குப்பிடித்து 100 வெல்லும். ஒக்டோபரில் இடையில் ஓய்வு நாள் வரும், ஐந்தாவது ஆளுக்கு வேலையே இல்லை. அந்த அணியின் பெரிய பலம் பெஞ்சில் போய் இருந்துவிடும். மூன்று பேர் மட்டும் பிரமாதமாக இருக்கிற அணிக்கு அதே மாதம் வாழ்வு.

சின்ன மாமா: 2019இல் கோப்பை எடுத்த வாஷிங்டன். முதல் 50 ஆட்டத்தில் 31 தோல்வி. ஆனால் ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் என்ற மூன்று பிட்சரும் இருந்தார்கள். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஷெர்சர் தொடங்கினார், கார்பின் பின்னால் வந்து மூன்று இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. 2014இல் அதே ஏழாவது ஆட்டத்தில் ஜயண்ட்ஸின் பம்கார்னர் இரண்டு நாள் ஓய்வோடு வந்து ஐந்து இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் அடைத்தார். அந்த ஜயண்ட்ஸ் சீசனில் வென்றது 88தான்.

நான்: நேற்றும் அதுதானே மாமா!

சின்ன மாமா: ஓம் தம்பி. டொட்ஜர்ஸின் புல்பென், அதாவது தொடக்கப் பிட்சருக்குப் பின்னால் வந்து வீசுகிற கூட்டம், நம்பக்கூடியது இல்லை என்று வருடம் முழுக்கப் பேச்சு. அவர்கள் என்ன செய்தார்கள்? ஒத்தானி, கிளாஸ்னோ, ஸ்னெல், யமமோட்டோ, நாலு தொடக்கப் பிட்சரையும் ஒரே இரவில் இறக்கினார்கள். யமமோட்டோ வெள்ளிக்கிழமை 96 பந்து வீசியவர். மறுநாளே வந்து கடைசி எட்டு அவுட்டையும் எடுத்தார். தொடரில் மூன்று வெற்றி அவருக்கு. எங்களைத் தோற்கடித்த ஆள்தான், ஆனாலும் நான் எழும்பி நின்று கை தட்டினேன்.

அக்கா: நாங்கள் ஸ்ட்ரைக் அவுட் ஆவது, பந்தை அடிக்க ஏலாமல் அவுட் ஆவது, குறைவு, அதனால் ஒக்டோபரில் வெல்வோம் என்று மகன் வருடம் முழுக்கச் சொன்னான். அது பிழையா?

சியாட்டில் அண்ணா: பிழை இல்லை அக்கா. 2015இல் கன்சாஸ் சிட்டி அப்படித்தான் வென்றது. ஆனால் எதிரே இப்படிப்பட்ட பிட்சர்கள் நின்றால் மூன்று பேர் அடுத்தடுத்து ஹிட் அடிப்பது கஷ்டம். நேற்று டொட்ஜர்ஸின் கடைசி மூன்று ரன்னும் மூன்று தனி ஹோம் ரன். மன்சி எட்டாவதில், ரோஹஸ் ஒன்பதாவதில், ஸ்மித் பதினோராவதில். எங்களுக்கு, மன்னிக்கவும், உங்களுக்கு ஒன்பதாவதில் மூன்று பேஸிலும் ரன் எடுக்க ஆள் நின்றது. ஒரு ரன் வரவில்லை.

அக்கா: எங்களுக்கு என்றே சொல்லுங்கள் அண்ணா. நேற்று நீங்களும் எங்கள் பக்கம்தானே.

சியாட்டில் அண்ணா: ஓம். மனதார.

சின்ன மாமா: எங்கள் பிட்சர் யெசாவேஜுக்கு 22 வயது என்று மகனிடம் சொல்லு. ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிய பையன். அடுத்த வருடமும் இங்கேதான்.

அக்கா: வாசித்துக் காட்டினேன். “96 பந்து வீசினால் கை எவ்வளவு வலிக்கும்” என்று கேட்கிறான்.

சின்ன மாமா: இரண்டு மணிக்கு வருகிறேன். கையுறையை எடுத்து வைக்கச் சொல்லு.