புதுப்பிப்பு: தியோங் பாருவின் அந்த பிரெஞ்சு உணவகம்

சிங்கப்பூர் வந்த இடத்தில், தியோங் பாருவின் 1930களில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு குட்டி பிரெஞ்சு உணவகம் கண்ணில் பட்டதைச் சொல்லியிருந்தேன். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் போகலாமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். நேற்று அக்காவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனேன்.

தாராளமாகப் போகலாம். வெங்காய சூப்பில் மட்டும் கவனம்: அதை வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வார்கள். கேட்டதும் பரிமாறியவர் சமையலறைக்குப் போய் விசாரித்து வந்து, ஆமாம் என்று நேராகச் சொன்னார். அதற்காகவே அந்த இடம் இன்னும் பிடித்துப்போனது.

வாத்து கான்ஃபி கட்டாயம் சாப்பிடுங்கள். உப்பில் ஊறிய வாத்துக்காலை வாத்துக் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவிட்டு, கடைசியில் தோலை மொறுமொறுப்பாக்குகிறார்கள். முள்கரண்டி பட்டாலே சதை எலும்பை விட்டுக் கழன்று வருகிறது. அக்கா இன்னொரு தட்டு சொல்லிவிட்டார்! சைவக்காரர்களுக்குக் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்ந்த ரட்டட்டூயி என்ற காய்கறிக் கூட்டு இருக்கிறது. க்ரெம் ப்ரூலே என்ற இனிப்பில் முட்டை உண்டு.

அப்புறம் விலை. பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். மதிய செட் மெனுதான் கட்டுப்படியாகும், இரவு விலை கொஞ்சம் அதிகம்.