ஆள் எடுக்காதே என்றால் சிறைச் சாவி யார் கையில்?

வைகைக்கரை:
2017 ஜனவரி 23 அன்று, மத்திய அரசு வேலைகளுக்குப் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது என்று டிரம்ப் உத்தரவு போட்டார். அமெரிக்க மத்திய சிறைகள் அதற்குப் பெரிய விலை கொடுத்தன என்பது என் கட்சி. காவலர் போதாத நாளில் அங்கே 'ஆக்மென்டேஷன்' என்று ஒன்று செய்வார்கள். சமையல்காரரோ வாத்தியாரோ நர்ஸோ, அன்றைக்குச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, கைதிகளை அடைத்திருக்கும் பிளாக்குக்குக் காவலுக்குப் போக வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:
உத்தரவை முழுசாகப் படித்தீர்களா? பொதுமக்கள் பாதுகாப்புக்கான வேலைகளுக்கு விலக்கு தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. தடையும் ஏப்ரலில் முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் சிறை காலியாகிவிடுமா? 2013-இல் சுமார் 2,19,000 கைதிகள், 2019-இல் 1,77,000 பக்கம். கைதி குறைந்தால் காவலரும் குறையத்தானே வேண்டும்?

வைகைக்கரை:
விலக்கு 'தரலாம்' என்றுதான் இருக்கிறது, 'தர வேண்டும்' என்று இல்லை. 2019-இல் அட்டர்னி ஜெனரலாக, அதாவது சிறைத்துறையையும் கவனிக்கும் நீதி அமைச்சகத்தின் தலைவராக வந்த வில்லியம் பார், சிறைத்துறைக்கு ஆள் எடுக்க இருந்த தடையைத் தான் நீக்கிவிட்டதாகச் சொன்னார். இல்லாத தடையையா நீக்கினார்?

அப்புறம் அந்தத் தலைக்கணக்கு. காவலர் நிற்பது கதவுக்கும் ஷிப்டுக்கும். 120 பேர் இருந்த பிளாக்கில் 100 பேர் ஆனாலும் ராத்திரிக்கு ஓர் ஆள் வேண்டும். 57 வயதில் கட்டாய ஓய்வு வேறு. வாசல் கதவைச் சாத்திவிட்டீர்கள், கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது.

டெக்சாஸ் மாமி:
என் நாத்தனார் மகள் ஒரு மத்திய சிறையில் பல் மருத்துவப் பிரிவில் இருக்கிறாள். காலையில் பல் பிடுங்கத் தயாராக எல்லாம் எடுத்து வைத்திருப்பாளாம். ஏழரைக்கு போன் வரும். எடுத்ததை அப்படியே துணி போட்டு மூடிவிட்டு, இடுப்பில் ரேடியோவை மாட்டிக்கொண்டு பிளாக்குக்குப் போவாள். அங்கே கன்னம் வீங்கிய ஒருத்தன், "என் முறை இன்றைக்குத்தானே?" என்று கேட்பான். அவனுக்குக் காவல் நிற்பதும் அவள்தான்!

கணக்குப்பிள்ளை:
கஷ்டம் புரிகிறது மாமி. ஆனால் எல்லாப் பழியையும் தடைமேல் போடாதீர்கள். 2013 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் கானான் சிறையில் எரிக் வில்லியம்ஸ் என்ற காவலரைக் கைதி ஒருவன் கொன்றான். சுமார் 130 கைதிகளுக்கு நடுவே அவர் ஒருத்தர்தான். அப்போது ஒபாமா ஆட்சி. அது எந்த டிரம்ப் தடை?

வைகைக்கரை:
ஹோல்டர் தடை! 2011 ஜனவரியில் நீதி அமைச்சகம் முழுவதற்கும் ஒபாமாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் போட்டார், 2014 பிப்ரவரியில்தான் எடுத்தார். கட்சி பார்த்து நான் பேசவில்லை. பிளாக்குக்கு ஓர் ஆள் என்பது பழைய வழக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை மாற்ற ஆள் வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
சரி, அது எனக்குத் தெரியாது. ஆனால் சிறையிலேயே செத்துப்போன ஜெஃப்ரி எப்ஸ்டீன் விஷயம்? 2019 ஆகஸ்டில் அவர் செத்த ராத்திரி, நியூயார்க் சிறையில் காவலுக்கு இருந்த இருவரும் ரோந்து போகாமலே போனதாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் இணையத்தில் மேஜை நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தார். இது ஒழுங்கீனம். ஆயிரம் பேரை எடுத்தாலும் இதே கதைதான்.

வைகைக்கரை:
ஒழுங்கீனம்தான், அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்த இருவரில் ஒருவர் மாலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 வரை வேலையில் இருந்தார். இன்னொருவருடைய வழக்கமான வேலை சரக்குப் பிரிவு மேற்பார்வை. ஓவர்டைமுக்கு ஒன்றரைச் சம்பளம், நீங்கள் கணக்குப்பிள்ளை, சொல்லுங்கள், மிச்சம் எங்கே? கார்ட்டர், ரீகன் காலத்துத் தடைகளை ஆராய்ந்த நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு, இவை ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த உதவவில்லை என்று 1982-லேயே சொல்லிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டு வருகிறேன். ஆனாலும் சம்பளத்தைக் கூட்டாமல் தடையை மட்டும் எடுத்தால் அந்த வேலைக்கு யார் வருவார்கள்? அதற்கும் பதில் வைத்திருங்கள்.

டெக்சாஸ் மாமி:
இப்போதுதான் அவளிடம் பேசினேன். நாளைக்கும் பல் கிளினிக் கிடையாதாம்.