ஜெனரல் பற்றனின் கைத்துப்பாக்கிகள்: முத்துப்பிடியா, தந்தப்பிடியா?

கல்லடி ஆசிரியர் கேட்டது:

எங்கள் பாடசாலையின் வரலாற்றுக் கண்காட்சிக்காக மாணவர்கள் இரண்டாம் உலகப் போர்த் தளபதிகளைப் பற்றிய பகுதியொன்றைத் தயாரித்து வருகிறார்கள். அமெரிக்கத் தளபதி ஜோர்ஜ் பற்றனின் உருவத்தை ரெஜிபோமில் செய்து, இடுப்பின் இருபுறமும் ஒரே அளவில் இரண்டு ரிவோல்வர்களை ஒட்டி, "முத்துப்பிடி போட்ட இரட்டைத் துவக்குகள்" என்று அட்டையும் எழுதிவிட்டார்கள். சக ஆசிரியர் ஒருவரோ அது முத்தல்ல, யானைத் தந்தம் என்கிறார். எது சரி? அவை உண்மையிலேயே ஒரே சோடியா? அவற்றால் அவர் எவரையாவது சுட்டதுண்டா, அல்லது வெறும் அலங்காரந்தானா?

கல்முனை வாசகர்:

தந்தமே சரி, சேர். முத்துப்பிடி என்று யாராவது சொன்னால் பற்றனுக்கே கோபம் வருமாம். அப்படிப்பட்ட துப்பாக்கியைக் கீழ்த்தரமான விடுதியில் தரகு பார்ப்பவன்தான் வைத்திருப்பான் என்னும் பொருளில் அவர் கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். (அந்த வசனத்தை மாணவர்களின் அட்டையில் எழுத வேண்டாம்.)

அவை ஒரே சோடியும் அல்ல. அவர் கைக்கு வந்த காலத்திலேயே இரண்டுக்கும் இடையில் 19 ஆண்டுகள் உள்ளன. முதலாவது, 1916இல் வாங்கிய கோல்ட் நிறுவனத்தின் பாயிண்ட் 45 ரிவோல்வர். வெள்ளி முலாம் பூசி, உலோகம் முழுவதும் சித்திர வேலைப்பாடு செய்து, தந்தப் பிடியில் அவரது பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்திருந்தார்கள். அமெரிக்க இராணுவம் 1873இலேயே ஏற்றுக்கொண்ட பழைய வடிவம் அது. அவர் வாங்கிய காலத்தில் தன்னியக்கப் பிஸ்டல்கள் இராணுவத்துக்கு வந்து ஐந்து ஆண்டுகளாகிவிட்டன. இரண்டாவது, சிமித் அன்ட் வெஸன் நிறுவனத்தின் ரிவோல்வர்; பாயிண்ட் 357 மேக்னம் என்ற வலிமை கூடிய ரவைக்கானது. அந்த ரவை சந்தைக்கு வந்த 1935ஆம் ஆண்டிலேயே, ஹவாயில் பணியாற்றியபோது, அதை வாங்கினார். இதற்கும் தந்தப் பிடிதான். ஆனால் உலோகம் கருநீல நிறம். கோல்டின் குழல் நாலே முக்கால் அங்குலம், மற்றதன் குழல் மூன்றரை அங்குலம். ஆகவே அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் இவற்றை இரட்டையர் என்று எண்ணமாட்டார். போர்க்காலப் படங்களில் பெரும்பாலும் ஒன்றைத்தான் அணிந்திருக்கிறார்.

ஆரையம்பதி:

சுட்டதுண்டா என்ற கேள்விக்கு விடை மெக்சிக்கோவில் இருக்கிறது. 1916 மே 14ஆம் திகதி, மெக்சிக்கோப் புரட்சித் தளபதி பாஞ்சோ வில்லாவைத் தேடிச் சென்ற அமெரிக்கப் படையில் முப்பது வயது லெப்டினனாக இருந்த பற்றன், படைக்குச் சோளம் வாங்குவதற்காக மூன்று டொட்ஜ் கார்களில் சிலரோடு புறப்பட்டவர், வழியில் வில்லாவின் மெய்க்காவலர் தலைவரான ஹூலியோ கார்டெனாஸ் ஒளிந்திருக்கக்கூடும் என்று சந்தேகித்து ஒரு பண்ணையைச் சுற்றி வளைத்தார். குதிரைகளில் வெளியே பாய்ந்தவர்களை அவர் சுட்டது இந்தக் கோல்டினால்தான். கார்டெனாஸ் உட்பட மூவர் இறந்தார்கள். அவர்களது உடல்களைக் கார்களின் முன்பகுதியில் கட்டிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்கள். பிறகு பற்றன், தாம் சுட்டவர்களின் கணக்காக, தந்தப் பிடியில் இரண்டு வெட்டுக்குறிகளை இட்டுக்கொண்டார்.

அந்தச் சண்டை இரண்டாவது துப்பாக்கிக்கும் காரணம் என்று கருதுவோர் உண்டு. கோல்டில் ஒவ்வொரு வெடிக்கும் குதிரையை, அதாவது ரவையைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை, பெருவிரலால் இழுக்க வேண்டும். வெற்றுக் கோதுகளைப் பக்கத்துச் சிறு கதவு வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளி, புதிய ரவைகளையும் ஒவ்வொன்றாகவே இட வேண்டும். குதிரைக்கு அடியிலுள்ள அறையைப் பாதுகாப்புக்காக வெறுமையாக விடுவது வழக்கம் என்பதால், ஆறு அறைகள் இருந்தும் ஐந்து வெடிகளே கிடைக்கும். சண்டைக்கு நடுவே நின்று ரவை ஏற்றியவருக்கு அந்த நேரத்தின் நீளம் தெரிந்திருக்கும். மேக்னத்தின் உருளையோ பக்கவாட்டில் வெளியே திறக்கும். அதைத்தான் அவர் கொல்லும் துப்பாக்கி என்று குறிப்பிட்டார். ஊர் பார்த்தது கோல்டை.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்றவர்:

என் தகப்பனார் வயல் வட்டையில் பரண் காவலுக்கு வைத்திருந்த லைசன்ஸ் துவக்கு ஒற்றைக் குழல். ஒரு வெடி வைத்துவிட்டு மறு ரவை போடுவதற்குள் யானை வரம்பு கடந்துவிடும். ஆகவே தம்பி சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.

பிடியைப் பற்றி ஒரு சொல். முத்துச்சிப்பி வெளிச்சத்தில் பல நிறம் காட்டும், எளிதில் உடையும். தந்தம் அப்படி மின்னாது. நாளாக ஆகப் பழுப்பேறும், உற்றுப் பார்த்தால் மெல்லிய ரேகைகள் தெரியும். கறுப்பு வெள்ளைப் பத்திரிகைப் படத்தில் இந்த வேறுபாடெல்லாம் மறைந்து வெறும் வெண்மைதான் எஞ்சும். நிருபர்கள் முத்து என்று எழுதியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எங்கள் வட்டைகளில் இறங்கும் யானைகளில் கொம்பன் அருமையிலும் அருமை. அதனால் ஒரு துவக்குப் பிடிக்காகத் தந்தம் அறுத்தார்கள் என்பது எனக்குச் சற்று உறுத்துகிறது, அது வேறு கதை.

கல்லடி ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. அந்தத் துப்பாக்கிகள் இப்போது எங்கே என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

கல்முனை வாசகர்:

கெண்டக்கி மாநிலத்து போர்ட் நொக்ஸில் பற்றனின் பெயரிலேயே அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, சேர்.

கல்லடி ஆசிரியர்:

அட்டையைக் கிழித்துவிட்டோம். ஒரு துப்பாக்கிக்குக் கருநீலம் பூசி, அதன் குழலில் ஒன்றேகால் அங்குலத்தை வெட்டிக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். வெட்டுக்குறிகளை யார் இடுவது என்று பிள்ளைகள் இப்போது சண்டை பிடிக்கிறார்கள்.