மூளை ரத்தக்கசிவு: பிழைப்பாரா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லுமா?

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்

மூளையில் ரத்தம் கசிந்தவர் தேறுவாரா, படுக்கையிலேயே கிடப்பாரா என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகள் ஆய்வில் இருக்கின்றன. மூளைச் செல்கள் சிதையும்போது ஜி.எஃப்.ஏ.பி., நியூரோஃபிலமென்ட் போன்ற புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் அளவு கூடக் கூடச் சேதமும் கூடுதல் என்பதுதான் அடிப்படை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு இவை வந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். என் பெரியப்பாவுக்குக் கசிவு வந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் படத்தைக் காட்டி, "கஷ்டம்தான். பெங்களூருக்குக் கொண்டுபோவதென்றால் உடனே போங்கள்" என்றார்கள். எவ்வளவு கஷ்டம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம். பதில் இல்லை. வராந்தாவில் நின்றபடியே அண்ணன்கள் தோப்பை அடமானம் வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். ஒரு குடும்பம் இவ்வளவு பெரிய முடிவை எடுக்கும்போது கையில் ஒரு ஆதாரமாவது இருக்க வேண்டாமா? அமெரிக்காவில் 2018-லேயே ஜி.எஃப்.ஏ.பி. பரிசோதனைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஐ.சி.யூ. செவிலி, தருமபுரி

ஐயா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்த 2018 அனுமதி வேறு விஷயத்துக்கு. தலையில் லேசாக அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா இல்லையா என்று தீர்மானிக்க, ஜி.எஃப்.ஏ.பி.யோடு யு.சி.எச்.-எல்1 என்ற புரதத்தையும் சேர்த்து அளக்கும் பரிசோதனை அது. ரத்தக்கசிவு நோயாளி பிழைப்பாரா என்று சொல்வதற்கு அல்ல.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "தேறுவது சிரமம்" என்று ஒரு எண் சொன்னால் அதன் பிறகு வார்டில் என்ன நடக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். உறவினர்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். செயற்கைச் சுவாசக் குழாய் அகற்றப்படுகிறது. நோயாளி இறந்துபோகிறார். எண் சொன்னபடியே நடந்துவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். சிகிச்சையை நிறுத்தியதால் இறந்தாரா, நோயால் இறந்தாரா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2022 வழிகாட்டுதலே நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒருவருடைய சிகிச்சையைக் குறைக்கக் கூடாது என்கிறது. வேண்டாமென்று முன்பே எழுத்தில் பதிவாகியிருந்தால் ஒழிய, உயிர்காக்கும் சிகிச்சையைக் கைவிடும் முடிவை இரண்டாம் நாள் முழுவதும் கழியும் வரை தள்ளிவைக்கச் சொல்கிறது.

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்

அம்மா, எண்ணே இல்லாத இப்போது மட்டும் என்ன நடக்கிறது? அதே கையெழுத்து, அதே ஆம்புலன்ஸ். எந்த ஆதாரமும் இல்லாமல், டூட்டி டாக்டரின் முகத்தைப் பார்த்துக் குடும்பம் முடிவெடுக்கிறது. உண்மையை மறைத்துவைப்பதால் யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

ஆய்வகம், பாலக்கோடு

நான் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை செய்பவன். இருவருக்கும் சில விவரங்கள் சொல்ல வேண்டும்.

இந்தப் புரதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஜி.எஃப்.ஏ.பி. மூளையின் நட்சத்திர வடிவச் செல்களில் இருப்பது. ரத்தக்கசிவு அந்தச் செல்களைச் சட்டென உடைப்பதால் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் அது மெதுவாக ஏறும். நியூரோஃபிலமென்ட் நரம்பு இழைகளிலிருந்து வருவது. பல நாட்கள் கூடிக்கொண்டே போகும். முதல் நாள் அளவுக்கும் ஏழாம் நாள் அளவுக்கும் ஒரே அர்த்தம் கிடையாது. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கசிவே இல்லாவிட்டாலும் அது கூடுதலாக இருக்கும்.

நரம்புச் செல்களில் இருக்கும் என்.எஸ்.இ. என்று இன்னொரு புரதம் உண்டு. அது ரத்தச் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. அஞ்செட்டியில் அவசரமாக ஊசி குத்தி எடுத்த ரத்தம் மலைப்பாதையில் குலுங்கி எங்களிடம் வந்து சேர்ந்தால், குழாயைச் சுழற்றிப் பிரித்ததும் மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்காது. ரோஜா நிறத்தில் இருக்கும். சிவப்பணு உடைந்துவிட்டது என்று பொருள். அந்த மாதிரியில் என்.எஸ்.இ. பார்த்தால் மூளை முழுவதும் சிதைந்தது போல எண் காட்டும். அதை வைத்து ஒரு குடும்பம் நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போனால்? இப்படிப்பட்ட மாதிரிகளைத் திருப்பி அனுப்பிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் செவிலி அம்மாவோடும் முழுவதும் உடன்பட முடியவில்லை. சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களால் வகுத்தால் வரும் விகிதம் கூடுதலாக இருந்த ரத்தக்கசிவு நோயாளிகள் மோசமாகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தனிச் செலவு கிடையாது. நிமோனியா வந்தாலும் ஸ்டீராய்டு கொடுத்தாலும் அந்த விகிதம் ஏறும் என்பது உண்மைதான். அதற்காகக் கையில் இருப்பதைப் பார்க்காமலே இருக்க வேண்டுமா?

ஐ.சி.யூ. செவிலி, தருமபுரி

பாருங்கள் தம்பி, நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எதற்குப் பயன்படுத்துகிறோம் என்றுதான் கேட்கிறேன். விகிதம் ஏறியவரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள். அவருக்குப் படுக்கை வீண் என்றால் நான் எதிர்ப்பேன்.

உயிரைக் காப்பது எது என்று தெரியும். இந்தியாவும் பங்கேற்ற, பத்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த இன்டராக்ட்-3 ஆய்வு 2023-இல் வெளிவந்தது. சிகிச்சை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மேல் ரத்த அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டவருக்கு மாற்று மருந்து கொடுப்பது, இவற்றைச் சேர்த்துச் செய்தபோது நோயாளிகள் கூடுதலாகத் தேறினார்கள். இதற்குப் புதிய கருவி வேண்டாம், ஆள் வேண்டும். ஒரு புரதத்தை அளக்கச் செலவழிக்கும் பணத்தில் இரவுப் பணிக்கு இன்னொரு செவிலி கிடைத்தால் நான் அதைத்தான் கேட்பேன்.

ஓசூர்வாசி

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை ஒழுங்காக விழுங்கினாலே பலருக்குக் கசிவு வராது. பிழைப்பாரா என்று ஆராய்வதைவிட அதைப் பேசலாமே.

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்

ஓசூர்வாசி அவர்களே, பெரியப்பா மாத்திரை சாப்பிட்டவர்தான். கசிவு வந்த பிறகு என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

செவிலி அம்மா, 2001-இல் வந்த, மூளை ரத்தக்கசிவுக்கான ஐ.சி.எச். மதிப்பெண்ணை நீங்களே பயன்படுத்துகிறீர்கள்தானே? வயது, நினைவு நிலை, கசிவின் அளவு, இடம், மூளை அறைகளுக்குள் ரத்தம் பரவியதா என்ற ஐந்தையும் கூட்டுவது. கூடக் கூட ஆபத்து அதிகம். அதுவும் ஒரு எண்தான். அதோடு ஒரு ரத்த அளவைச் சேர்த்தால் கணிப்பு கூர்மையாகும் என்றால் ஏன் தடுக்கிறீர்கள்?

ஐ.சி.யூ. செவிலி, தருமபுரி

பயன்படுத்துகிறோம், நோயின் தீவிரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள. அந்த முதல் ஆய்வு 152 நோயாளிகளை வைத்து சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது. மூன்று மதிப்பெண் எடுத்தவர்களில் 72 சதவீதத்தினர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். அப்படியானால் 28 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். உங்கள் பெரியப்பா அந்த 72-இல் ஒருவரா, 28-இல் ஒருவரா என்று எந்த மதிப்பெண்ணும் சொல்லாது. ரத்தப் புரதத்தைச் சேர்த்தால் கணிப்பு சற்று மேம்படலாம். ஒரு தனி ஆளுக்கு அது தீர்ப்பாகாது.

ஆய்வகம், பாலக்கோடு

அப்படியானால் ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் போடாமல், ரத்தம் எடுத்த நேரம், கசிவு தொடங்கி எத்தனை மணி நேரம், மாதிரி சிவந்திருந்ததா என்பதையும் எழுதித்தான் வார்டுக்கு அனுப்ப வேண்டும். முதல் இரண்டு நாள் அதை மருத்துவர் மட்டும் பார்க்கட்டும்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டினம்

மருத்துவர் மட்டும் என்பதற்கு நான் ஒப்பமாட்டேன். அடமானம் வைப்பது நாங்கள். எண்ணை எங்களிடம் சொல்லுங்கள். அதன் குறைகளையும், இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் அப்போதே எங்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

ஐ.சி.யூ. செவிலி, தருமபுரி

உட்காரவைத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் எனக்கும் சம்மதம்.