பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, உதவுங்கள்

குற்றாலச்சாரல்:
வணக்கம். முதன்முறையாக நானே பாகங்கள் வாங்கி ஒரு கணினி கட்டியிருக்கிறேன். கட்டியிருக்கிறேன் என்று சொல்லலாமா தெரியவில்லை, இன்னும் ஒருமுறைகூட அது கண் திறக்கவில்லை.

ரைசன் 5 5600 பிராசஸர் (சிபியு), பி550 சிப்செட் உள்ள ஏடிஎக்ஸ் அளவு மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). எல்லாம் போன வாரம் சென்னை ரிச்சி தெருவில் புதிதாக வாங்கியவை. கேபினட் மட்டும் சித்தப்பாவின் ஆபீஸில் சும்மா கிடந்தது.

பட்டனை அழுத்தினால் சிபியு ஃபேன் அரைச்சுற்று சுற்றுகிறது, 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் மறுபடி அதே அரைச்சுற்று. ராமை இடம் மாற்றிப் பார்த்துவிட்டேன். கடையில் கேட்டால் கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்கிறார்கள். நான் இருப்பது தென்காசி. பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்க இதை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். "பேசாம லேப்டாப் வாங்கியிருக்கலாம்" என்று அப்பா இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டார்.

நிலாமுற்றம்:
மானிட்டர் கேபிளை எதில் செருகியிருக்கிறீர்கள்? 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. அது வேண்டுமென்றால் 5600ஜி வாங்கியிருக்க வேண்டும். போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் மாட்டினால் எதுவும் வராது, கார்டில்தான் மாட்ட வேண்டும். நான் என் முதல் கணினியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்படித்தான் தொலைத்தேன்.

குற்றாலச்சாரல்:
கார்டில்தான் அக்கா மாட்டியிருக்கிறேன். ஆனால் படம் வருவதற்கெல்லாம் நேரமே இல்லை, அதற்குள் செத்துவிடுகிறது.

வேகப்பிரியன்:
பயாஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள், பழசாக இருக்கும். பி550 போர்டுகள் 2020 ஜூனில் வந்தவை, 5000 வரிசை ரைசன் அந்த வருடம் நவம்பரில்தான் வந்தது. கடையில் பழைய ஸ்டாக் கொடுத்திருப்பார்கள். பென்டிரைவில் புது பயாஸை ஏற்றி, போர்டில் பயாஸை மாற்றுவதற்கென்று இருக்கும் ஃபிளாஷ்பேக் பட்டனை அழுத்துங்கள். முடிந்தது.

பழையபோர்டு:
தம்பி, நான் பதினைந்து வருடமாக சர்வீஸ் வேலை பார்க்கிறேன். எதையும் ஃபிளாஷ் பண்ணாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

பயாஸ் பழசாக இருந்தால் பொதுவாக ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். ராம் சரியாக உட்காராவிட்டாலும் அப்படித்தான். உங்களுடையது வேறு ஜாதி. அரைச்சுற்று, டிக், அப்புறம் சுவிட்சை அணைத்துப் போடும் வரை பேச்சே இல்லை என்கிறீர்கள். அது எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்வது. எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று தெரிந்ததும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடுகிறது. வெட்டியது நல்லது. மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் வெட்டாமல் போர்டில் புகை வர வைத்திருக்கும்.

ஒரு கேள்வி. போர்டின் மேல் மூலையில் சிபியுவுக்கு என்று 8 முனை சாக்கெட் இருக்கும். அதில் எந்த ஒயரை மாட்டினீர்கள்? சிபியு ஒயர் நான்கும் நான்குமாகப் பிரியும். கிராபிக்ஸ் ஒயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் நேர் எதிர்ப்பக்கம். அமுக்கிச் செருகியிருந்தால் நீங்கள் சொல்கிற அதே அரைச்சுற்றுதான் வரும்.

குற்றாலச்சாரல்:
பார்த்தேன் அண்ணா. நான்கும் நான்கும்தான், மேலே சிபியு என்று அச்சடித்தும் இருக்கிறது. யூடியூபில் ஒருவர் சொன்னதைப் பார்த்து 24 முனை பிளக்கில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கருப்பு ஒயரையும் ஊக்கால் இணைத்தேன். எஸ்எம்பிஎஸ் ஃபேன் நிற்காமல் சுற்றியது. அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன். கேபினட்டின் பின்பக்க இரும்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறது.

பழையபோர்டு:
பாதி நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுமை இல்லாமல் ஓடுகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். ஆனால் போர்டில் மாட்டினால் மட்டும் வெட்டுகிறது என்பதால் சந்தேகம் போர்டு பக்கம் நகர்கிறது. ஆர்வத்தில் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

சுருசுரு எர்த் சமாச்சாரம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது எல்லாவற்றையும் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வையுங்கள். அது சுற்றி வந்த வெள்ளி நிறக் கவரின் மேல் வேண்டாம், அதன் மேற்பரப்பு கொஞ்சம் மின்சாரம் கடத்தும். சிபியு, அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், இவ்வளவுதான். ராம் சிபியுவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கட்டும். கார்டு இப்போதைக்கு வேண்டாம். 24 முனை, 8 முனை இரண்டையும் மாட்டுங்கள். கேபினட் பட்டன் ஒயர் இருக்காது அல்லவா, போர்டின் கீழ் ஓரத்தில் பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். எந்த ஊசி என்று மேனுவலில் படம் இருக்கும், பார்க்காமல் குத்தாதீர்கள்.

வேகப்பிரியன்:
இவ்வளவு வேலைக்கு ஃபிளாஷ்பேக் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடலாமே.

பழையபோர்டு:
ஷார்ட் இருக்கும்போது ஃபிளாஷ் ஏற்றி, நடுவில் கரண்ட் வெட்டினால் அதற்குப் பிறகு தம்பி பொதிகையில்தான் போக வேண்டும்.

குற்றாலச்சாரல்:
அண்ணா! ஓடுகிறது! மணி பன்னிரண்டே கால், வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், கத்த முடியவில்லை. அட்டைப்பெட்டி மேல் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது. போர்டின் ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது, அதன் பக்கத்தில் விஜிஏ (கிராபிக்ஸ் கார்டைக் குறிப்பது) என்று இருந்தது. கார்டையும் மாட்டினேன், மானிட்டரில் பயாஸ் திரையே வந்துவிட்டது. 5600 என்று பெயரும் காட்டுகிறது.

உடனே சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கேபினட்டில் ஏற்றித் திருகி மூடினேன். மறுபடி அரைச்சுற்று, டிக்.

நிலாமுற்றம்:
ஐயோ. ஆனால் பெயரோடு காட்டுகிறது என்றால் பயாஸ் சந்தேகம் ஒழிந்தது.

பழையபோர்டு:
இனி கேபினட்தான் குற்றவாளி. சித்தப்பா ஆபீஸில் அதற்குள் என்ன போர்டு இருந்தது? போர்டைத் தூக்கிவிட்டு, கேபினட் தட்டில் போர்டைத் தாங்கத் திருகியிருக்கும் பித்தளைக் கால்களை எண்ணிச் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்:
முன்பு இருந்தது இதைவிடக் குட்டையான போர்டு, கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். என் போர்டுக்கு அடிவரிசையில் கால் இல்லை என்று நானே மூன்று பித்தளை வாங்கித் திருகினேன். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று இருக்கிறது.

பழையபோர்டு:
உங்கள் போர்டில் எத்தனை ஓட்டை?

குற்றாலச்சாரல்:
ஒன்பது.

ஓ.

பழையபோர்டு:
அதேதான். பழையது மைக்ரோ ஏடிஎக்ஸ், 244க்கு 244 மில்லிமீட்டர். உங்களுடையது 305க்கு 244. மேல் வரிசையும் நடு வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சின்ன போர்டின் அடிவரிசைக் கால்கள் மட்டும் பெரிய போர்டின் வயிற்றுக்கு நடுவில் வந்து முட்டும். அங்கே ஓட்டை இருக்காது, ஸ்லாட்டுகளின் சால்டர் முனைகள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். 12 வோல்ட் போகிற முனை ஒன்று பித்தளையைத் தொட்டால் கதை முடிந்தது. பித்தளை கேபினட்டோடு ஒட்டியிருக்கிறது, கேபினட் கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறது.

அந்த இரண்டையும் கழற்றுங்கள். போர்டின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

குற்றாலச்சாரல்:
பிளையர் வைத்துத்தான் கழன்றது, அப்படி இறுகியிருந்தது. போர்டின் அடியில், கார்டு ஸ்லாட்டுக்குக் கீழே, வட்டமாக ஒரு கீறல். கருகவில்லை. ஒன்பது காலில் ஒன்பது திருகு போட்டு ஏற்றினேன். அரைச்சுற்று தாண்டியது, முழுச்சுற்றும் தாண்டியது, இப்போது விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல டேலி ஓடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு சின்ன சந்தேகம். ராம் வேகம் 3200 என்று போட்டுத்தான் வாங்கினேன், திரையில் 2666 என்று காட்டுகிறதே?

வேகப்பிரியன்:
இதற்காவது என்னைப் பேச விடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருக்கும், அதை இயக்கினால் 3200க்கு வந்துவிடும். இரண்டு ராமும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கட்டும்.

பழையபோர்டு:
எர்த்துக்கு வருகிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகத்தானே மாட்டியிருக்கிறீர்கள்? அந்தப் பாக்ஸின் பிளக்கில் எத்தனை முள்?

குற்றாலச்சாரல்:
பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கிறது. சுவரில் செருகும் பிளக்கில் இரண்டு முள்தான்.

பழையபோர்டு:
அதுதான் சுருசுரு. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் போக வழி இல்லாததால் அந்தக் கசிவு கேபினட்டில் நிற்கிறது, நீங்கள் தொட்டால் உங்கள் வழியாக இறங்குகிறது. அளவு சிறியதுதான், ஆனால் யுஎஸ்பியில் எதையாவது செருகும்போது வம்பு. மூன்று முள் பிளக் உள்ள பாக்ஸ் வாங்குங்கள். சுவரில் இருக்கும் எர்த் ஓட்டைக்குப் பின்னால் உண்மையிலேயே ஒயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள், பழைய வீடுகளில் பல இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருக்கும்.

குற்றாலச்சாரல்:
எங்கள் வீடு தாத்தா கட்டியது. நாளைக் காலையில் எலக்ட்ரீஷியன் மாமாவைக் கூப்பிடுகிறேன். அதுவரை செருப்புப் போட்டுக்கொண்டு விண்டோஸ் ஏற்றுகிறேன்.