எல்க் மண்டையோட்டில் மறுபடியும் மஞ்சள்: ப்ளீச் போடலாமா?

பனிமலை (கல்கரி):
வணக்கம். போன செப்டம்பரில் வேட்டையில் என் முதல் எல்க் (பெரிய மான் வகை). முழுத் தலையைப் பாடம் பண்ணக் கேட்ட விலையில் பாதி மயக்கம் வந்தது. சரி, மண்டையோடும் கொம்பும் மட்டும் சுவரில் மாட்டும் யூரோ மவுண்ட்டை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். தோல், கண், நாக்கு, கீழ்த்தாடை எல்லாம் எடுத்துவிட்டு, வான்கோழி பொரிக்கும் பெரிய பானையில் மூன்று மணி நேரம் நல்லாக் கொதிக்கவிட்டேன். சதை கழன்று வந்தது. மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டதும் பளிச்சென்று வெள்ளை. கணப்புக்கு மேலே மாட்டி ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. பின்மண்டையிலும் காதுப் பக்கமும் மஞ்சள் திட்டு, தொட்டால் பிசுபிசு. மூக்கெலும்பு ரெண்டும் கழன்று கையோடு வந்துவிட்டன. கொம்பின் அடியிலும் வெளுத்துப்போய் ஒரு வளையம். என்ன செய்ய?

ஆல்பர்ட்டா மாமா:
ப்ளீச்சில் ஒரு ராத்திரி போடுங்க. வெள்ளை வேட்டி மாதிரி ஆயிடும்.

குளிர்காடு (சஸ்கட்டூன்):
ஐயோ, ப்ளீச் போடாதேங்கோ! அது எலும்பைப் பிடிச்சு வைச்சிருக்கிற புரதத்தையே அரிச்சுப்போடும். முதல் வெள்ளையாத்தான் தெரியும், பிறகு சுண்ணாம்பு மாதிரி உதிரும். நானும் ஒரு மான் தலையை அப்பிடித்தான் நாசமாக்கினனான்.

தம்பி, உங்கட பிரச்சினை அழுக்கில்லை, கொழுப்பு. ஆட்டுக்கால் சூப்பு வைக்கேக்க என்ன நடக்குது? கொதிக்கக் கொதிக்கக் கொழுப்பு எல்லா இடமும் பரவும். சூப்புக்கு அது நல்லது, மண்டையோட்டுக்குக் கூடாது. சதை கழட்டேக்க ஓரத்தில சின்னச் சின்னக் குமிழி வாற சூடு காணும். தளதளவெண்டு கொதிச்சா கொழுப்பு எலும்புக்குள்ள இறங்கும், பொருத்துகளும் விடும். மூக்கெலும்பு கழண்டதும் அதாலதான். பெராக்சைடு நிறத்தை மட்டும்தான் வெளுக்கும், கொழுப்பை எடுக்காது. கணப்புச் சூட்டில அது திரும்ப வெளிய கசியுது.

பனிமலை:
அப்போ திரும்பச் சூடு பண்ணணுமா?

குளிர்காடு:
இல்லை, இனி ஊறல்தான். பெரிய வாளியில கை பொறுக்கிற சூட்டில தண்ணி, பாத்திரம் கழுவுற டான் சோப் தாராளமா. மண்டையோடு மட்டும் தாழோணும், கொம்பு வெளிய. கொம்படியைப் பிளாஸ்டிக் தாளால இறுக்கிச் சுத்தி டேப் போடுங்கோ. இந்தக் குளிரில கராஜில தண்ணி உறைஞ்சிடும், அதால மீன்தொட்டி ஹீட்டர் ஒண்டு வைங்கோ, ஆனா அது வாளிச் சுவரில முட்டப்படாது. தண்ணி கலங்கினா மாத்துங்கோ. நாலைஞ்சு நாள் கலங்காமல் தெளிவா நிண்டால்தான் முடிஞ்சது. வாரக் கணக்கா எடுக்கும், பொறுமை வேணும்.

பிறகு நல்லாக் காயவிடுங்கோ. ஈரத்தில எந்த எலும்பும் வெள்ளையாத்தான் தெரியும், காய்ஞ்சாப்பிறகுதான் திட்டு காட்டும். அதுக்குப் பிறகுதான் பெராக்சைடு.

வயோமிங் அக்கா:
அவர் சொன்னது சரி. பெராக்சைடுக்கு ஒரு குறிப்பு: முடிக்கு நிறம் போடும் சாமான் விற்கும் கடையில் 40 வால்யூம் கிரீம் கிடைக்கும், அது 12 சதவீதம். தூரிகையால் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்க. கொம்பில் படாமல் பூசலாம், அதுதான் லாபம். கையுறை, கண்ணாடி கட்டாயம். மீதியை இறுக மூடிய டப்பாவில் ஊற்றி வைக்காதீங்க, வாயு சேர்ந்து வெடிக்கும்.

வெளுத்த கொம்புக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல். பூசும்போது ஊதாவாக இருந்து பயமுறுத்தும், காய்ந்தால் பழுப்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் பூசுங்க.

ஒன்று கேட்க மறந்தேன், மூளை முழுக்க எடுத்தீங்களா? தலையை சி.டபிள்யூ.டி (மான்களின் மூளையை அழிக்கும் நோய்) சோதனைக்குக் கொடுத்தீங்களா? 1967இல் கொலராடோவில் கூண்டு மான்களிடம் முதலில் கண்ட நோய், இப்போது உங்கள் ஆல்பர்ட்டாவிலும் இருக்கு. அதை உண்டாக்கும் பிரியான் என்ற புரதம் கொதிநீருக்கும் பெராக்சைடுக்கும் அசையாது.

பனிமலை:
சோதனை முடிவு 'இல்லை' என்று வந்த பிறகுதான் தொட்டேன் அக்கா. மூளையைக் கம்பிக் கொக்கியால் எடுத்தேன், ஆனால் முழுசா வந்த மாதிரி தெரியவில்லை.

வயோமிங் அக்கா:
பின்னால் இருக்கும் பெரிய ஓட்டைக்குள் டார்ச் அடிச்சுப் பாருங்க. மிச்சம் இருந்தால் அங்கிருந்தும் கொழுப்பு கசியும்.

பனிமலை (ஐந்து வாரம் கழித்து):
டார்ச் அடித்தேன், காய்ந்த சவ்வு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்தாயிற்று. வாளித் தண்ணீரை ஏழு தடவை மாற்றினேன். முதல் மூன்று தடவை ரசம் போல இருந்தது. இப்போது தெளிவு. காய்ந்து பத்து நாளாகியும் திட்டு இல்லை. ஆனால் கடைவாய்ப்பல் ரெண்டு வாளி அடியில் கிடந்தன, மூன்றாவதைத் தண்ணீரோடு கொட்டிவிட்டேன் போல. எல்க்கின் மேல்தாடையில் இருக்கும் தந்தப்பல் ரெண்டையும் நல்லவேளை முன்னாடியே பிடுங்கி வைத்திருந்தேன். மூக்கெலும்பை சூப்பர் குளூவால் ஒட்டலாமா?

குளிர்காடு:
வெள்ளைப் பசையால ஒட்டுங்கோ. கோணலா நிண்டாலும் தண்ணியில ஊறவைச்சுக் கழட்டித் திரும்ப ஒட்டலாம். அடுத்த முறை தண்ணியைச் சல்லடையில ஊத்துங்கோ. கணப்புக்கு மேல மட்டும் திரும்ப மாட்டிப்போடாதேங்கோ.