Re: பெர்மாகல்ச்சர் ஆர்ச்சர்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> 'நிரந்தர வேளாண்மைப் பழத்தோட்டம்' என்பதே பொருத்தமாகப் படுகிறது. இதையே முடிவு செய்துவிடலாமா?

ஐயா, கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறேன். பலவகை மரங்களை ஒன்றுக்கொன்று துணையாகக் கலந்து வளர்க்கும் பழமர அமைப்பைத்தான் பெர்மாகல்ச்சர் ஆர்ச்சர்ட் என்கிறோம். நீளத்தை நான் பெரிதுபடுத்தவில்லை, பேசப் பேசச் சுருங்கிவிடும். எனக்கு இடிப்பது 'தோட்டம்'.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டம் என்றால் எஸ்டேட். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டின் பெயரைத்தான் சொல்வோம். 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பிறகு ரப்பர் நாடெங்கும் பரவியது, அதன் இடத்தைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) பிடித்தது. இரண்டிலும் ஒரே மரம், ஒரே இடைவெளி, நிரை நிரையாக. நாம் பெயர் தேடும் பொருளோ இதற்கு நேர்மாறானது. அதற்குப் போய்த் தோட்டம் என்று பெயர் வைத்தால் எங்கள் ஊர்க்காரர் மனத்தில் முதலில் வந்து நிற்பது ரம்புத்தான் மட்டுமே நிற்கும் எஸ்டேட்தான்.

பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். பெர்மாகல்ச்சர் என்பது, இயற்கையை ஒட்டி நீடித்து நிலைக்கும் வேளாண்மையைக் குறிக்க பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1970களில் ஆஸ்திரேலியாவில் ஆக்கிய சொல். பழமரங்களுக்கு அதைப் பொருத்திக் காட்டியவர்களில் கனடாவின் கியூபெக்கில் இருக்கும் ஸ்டெஃபான் சோப்கோவியாக்கின் முறை தெளிவானது. தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் சேர்க்கும் மரம் ஒன்று, ஆப்பிள் ஒன்று, பேரி அல்லது பிளம் ஒன்று என்று மூன்று மூன்றாக நிரை நெடுக நடுகிறார். ஆப்பிளுக்குப் பக்கத்தில் ஆப்பிள் வராது. ஒரு மரத்தில் ஏறிய பூச்சிக்கு அடுத்த மரம் வேறு இனம் என்பதால் பரவல் தடைப்படுகிறது. மூன்றில் ஒரு மரம் மற்ற இரண்டுக்கும் சத்துத் தருகிறது. பராமரிப்பு குறைவதற்கு இந்த அமைப்பே காரணம். முதல் சில ஆண்டுகள் உழைக்கத்தான் வேண்டும். மரத்தை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆகவே சொல்லில் 'பலவகை மரம்' என்ற உணர்வு இருக்க வேண்டும். 'தோப்பு' ஆகாது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, புளியந்தோப்பு என்று அதுவும் ஓரினத்தையே சுட்டிப் பழகிவிட்டது. அக்கா முன்வைத்த 'கூட்டுச்சோலை' அழகான சொல். ஆனால் கூட்டுப்பண்ணை, கூட்டுறவு என்ற வரிசையில் வைத்துப் பலர் சேர்ந்து நடத்துவது என்று எடுத்துக்கொள்வார்கள். கூட்டுறவுச் சங்கம் எஸ்டேட் வாங்கிய வரலாறு உள்ள நாட்டில் இந்தக் குழப்பம் உறுதி.

'கூட்டுச்சோலை'யில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் பரிந்துரை 'பழச்சோலை'. சோலையில் ஓரின மரம் மட்டும் நிற்பதாக யாரும் நினைப்பதில்லை. நீலகிரியின் சோலைக்காடும் பலவகை மரங்கள் அடர்ந்தது. நிழலும் ஈரமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. பெர்மாகல்ச்சர் முறையில் அமைத்தது என்று குறித்தே ஆக வேண்டிய இடத்தில் 'நிலைப் பழச்சோலை' எனலாம்.

இந்தப் பொருள் நம் கண்ணுக்குப் புதிதும் இல்லை. மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) டூசுன் எனப்படும் பழமர நிலத்தைப் பாருங்கள். டுரியான், மங்குஸ்தீன், லங்சாட், செம்படாக், பெத்தாய் எல்லாம் கலந்து நிற்கும். இளம் மங்குஸ்தீனுக்கு நிழல் வேண்டும், உயர்ந்த மரங்கள் அதைத் தருகின்றன. 'டூசுன்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று கூடத் தோன்றியது. மலேசியாவுக்கு வெளியே அது விளங்காது என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம், தழைச்சத்து தரும் அந்த மரத்துக்கும் பெயர் வேண்டும். 'நைட்ரஜன் நிலைநிறுத்தி மரம்' பாடநூலில் இருக்கட்டும். நான் 'உரமரம்' என்கிறேன். அகத்தி, கல்யாண முருங்கை, கிளிரிசிடியா ஆகியவை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற உரமரங்கள். கிளையைக் கழித்து அடியில் போட்டால் மண்ணை மூடிக் காக்கும் மூடாக்கும் ஆகும். எஸ்டேட்டில் உரம் போட்டவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். வரிசைக்கு 'நிரை' இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. சோப்கோவியாக் ஒரே காலத்தில் பழுப்பவற்றை ஒரே நிரையில் வைக்கிறார், பறிப்பவர் அந்த நிரைக்கு மட்டும் போனால் போதும். இங்கே டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வந்து விழுவதால், வாழை, கொய்யா, பப்பாளி, எலுமிச்சை கொண்டுதான் மற்ற மாதங்களை நிரப்ப வேண்டும். இப்படிப் பழுக்கும் காலம் பார்த்து அமைத்த நிரைக்குப் 'பருவநிரை' சரிவருமா? தாவரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து